ஒரு பிள்ளை போதும் என்று ஊரைக் கையெழுத்திடச் சொல்லலாமா?

கல்யாணி, கொழிஞ்சாம்பாறை

ஒரு வாரமாக மனத்துக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பேச்செடுத்தால் சண்டையில் முடிகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளம் போகிற சாலையில் இருக்கிறது. ஒரே மகள், ஐந்து வயது. இரண்டாவது வேண்டாம் என்று நானும் கணவரும் இரண்டு வருடங்களுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டோம். காரணம் பணமல்ல, தண்ணீர். முதல் ஆழ்துளைக் கிணறு 300 அடி. அது வற்றியதும் இன்னொன்று, 550 அடி. மூன்றாவது போட்டபோது 800 அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. வாசல் முருங்கை மாவில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்து நின்றது. வண்டிக்காரர் குழாய்களைக் கழற்றி அடுக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதிலிருந்து மாசி பிறந்தால் தண்ணீர் லாரிதான். என் மகள் பல் துலக்க ஒரு சொம்பு மட்டும் எடுத்துக்கொள்கிறாள். வாய் கொப்பளித்த பிறகு மீந்ததைச் செம்பருத்திக்கு ஊற்றுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்த காலையில்தான், இன்னொரு உயிரையும் இந்தச் சொம்புக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டாம் என்று எனக்குப் பட்டது. மாமியார் 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்கிறார். 'தனிமரம் தோப்பாகாது' என்றும் சொல்கிறார். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 11 உலக மக்கள்தொகை நாள். எங்கள் வாசகசாலை இளைஞர்கள் அன்று ஒரு பலகை வைக்கப்போகிறார்கள். 'பூமிக்காக ஒரு குடும்பம், ஒரு குழந்தை' என்று தலைப்பு. திருமணமான தம்பதிகள் அதில் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பலகை வருடம் முழுவதும் வாசலிலேயே இருக்கும். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வந்து கேட்டார்கள். என் முடிவில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பலகையை நினைத்தால் கை எழவில்லை. நான் செய்தது சரி என்றால், அதையே மற்றவர்களையும் செய்யச் சொல்வது எப்படித் தவறாகும்?

பிரபாகரன், கோவை (சொந்த ஊர் மீனாட்சிபுரம்)

தவறே இல்லை அக்கா. தயங்காமல் கையெழுத்திடுங்கள்.

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டியது. 2023-ல் சீனாவை முந்தி நாம் முதலிடத்துக்கு வந்துவிட்டோம். பிளாஸ்டிக் பையை மறுப்பது, விளக்கை அணைப்பது பற்றியெல்லாம் பள்ளியில் வகுப்பெடுக்கிறோம். ஆனால் ஒரு மனிதர் செய்யக்கூடியவற்றில் பெரியது எது என்று 2017-ல் வின்ஸ், நிக்கோலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு குழந்தையைக் குறைத்துக்கொண்டால் வருடத்துக்கு 58.6 டன் கார்பன் வெளியேற்றம் மிச்சம். காரை விடுவதும் விமானத்தைத் தவிர்ப்பதும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். புகைபிடிக்காதே என்று பொது இடத்தில் பலகை வைக்கலாம், இதற்கு வைக்கக் கூடாதா?

எனக்கும் அடுத்த வருடம் திருமணம். ஒன்று, அல்லது ஒன்றுமில்லை. இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

செல்வி, மூணாறு

தம்பி பிரபாகரனுக்கு. எனக்கு மூன்று பிள்ளைகள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஏழு பேர். குளிக்க வாளிக்கு ஒருவர் என்று முறை வைத்திருந்தோம். மூன்று பேரும் இதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. உங்கள் கணக்கில் என் மூன்று பிள்ளைகள் எத்தனை டன்?

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்தோடு 70 பேரை மண் மூடியது. அப்படிக் கொட்டிய மழையைக் கொண்டுவந்தது நாங்கள் பெற்ற பிள்ளைகள் விட்ட புகையா? அந்தப் பலகை எங்கள் ஊரில் இருந்தால் அதைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். என் கடைசி மகள் எழுத்துக்கூட்டி அதை வாசிப்பாள். தான் பூமிக்குப் பாரம் என்று அவளுக்குத் தோன்றினால், உங்களில் யார் வந்து அவளிடம் பேசுவீர்கள்?

தங்கவேலு, சித்தூர் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

செல்வியம்மா கேட்டதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பார்த்த ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரு பெரிய குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. எனக்கு அப்போது பதினான்கு வயது. எருத்தேம்பதியில் கூலி வேலை செய்துகொண்டிருந்த என் பெரியப்பா அங்கே போனார். போலீஸ் வந்து இழுத்துப் போகவில்லை. நெருக்கடி நிலைக் காலக் கொடுமைகளோடு இதைச் சேர்க்கக் கூடாது. 1976-77-ல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்த கதை வேறு, அதில் பலாத்காரம் இருந்தது. எர்ணாகுளத்துக்குப் போனவர்கள் தாங்களாகவே போனார்கள் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. பெரியப்பாவும் தானாகத்தான் போனார். ஆனால் அது ஆடி மாதம், வயலில் வேலை இல்லை. வீட்டில் இரண்டு வேளை அடுப்பெரியவில்லை. அங்கே பணம் கொடுத்தார்கள், ஒரு பையும் கொடுத்தார்கள்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் மறுவருடம் காய்ச்சலில் இறந்துபோனான். அந்தப் பை சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் பல வருடங்கள் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதில் ஒரு வெங்காயம்கூடப் போட்டு வைத்ததில்லை, எடுத்து எறியவும் இல்லை. வெள்ளையடிக்கும்போது பையைக் கழற்றிக் கீழே வைத்து, சுவர் காய்ந்ததும் அதே ஆணியில் மாட்டுவார்.

அவர் வேலை பார்த்த தோட்டத்து முதலாளிக்கு ஏழு பிள்ளைகள். அவர் வீட்டு வாசலில் எந்த ஊழியரும் போய் நிற்கவில்லை.

கல்யாணி, உன் கை எழாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீ எடுத்த முடிவில் உனக்குப் பசி இல்லை, பயம் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க ஆளும் இல்லை. நாளைக்குப் பலகை வந்தால் யாருடைய பெயர் அதில் இருக்கிறது என்று ஊர் பார்க்கும். யாருடைய பெயர் இல்லை என்பதை இன்னும் கூர்ந்து பார்க்கும். பெயர் இல்லாத வீடு எதுவாக இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். தோட்டத்து முதலாளி வீட்டை யாரும் கேட்கப்போவதில்லை.

பிரபாகரன், கோவை

ஐயா, உங்கள் பெரியம்மாவின் பையைப் பற்றி வாசித்தபின் பதில் எழுதச் சற்று நேரமாயிற்று. செல்வி அக்கா, உங்கள் பிள்ளைகளை மனத்தில் வைத்து நான் எழுதவில்லை. ஆனால் யோசிக்காமல் எழுதினேன் என்பதும் உண்மை. மன்னியுங்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்பன் வெளியேற்றம் இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்கு 14 டன் அளவில். அப்படியானால் பேச்சு ஏழைகளிடம் அல்ல, எங்களைப் போன்றவர்களிடம்தானே வர வேண்டும்? எனக்குப் பிறக்கும் பிள்ளைக்குத் தொட்டிலிலிருந்தே ஏசி இருக்கும், கார் இருக்கும், படிக்க வெளிநாடு போகும். அந்தப் பிள்ளை அமெரிக்கக் கணக்கை நோக்கித்தான் வளரும். நிறுத்திக்கொள்ள வேண்டியவன் நான்தான். வசதி உள்ளவர்கள் முன்வந்து ஒரு வாக்குக் கொடுத்தால் அதில் என்ன வன்முறை இருக்கிறது?

அனிதா, பாலக்காடு

கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். அந்த 58.6 டன் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் அதைப் பலகையில் எழுதிவிடாதீர்கள்.

அது வளர்ந்த நாடுகளுக்கான எண். கணக்கு இப்படிப் போகிறது: பிள்ளை வெளியேற்றும் கார்பனில் பாதி தாயின் பங்கு, பாதி தந்தையின் பங்கு. பேரப்பிள்ளையின் கார்பனில் கால்பங்கு. கொள்ளுப்பேரனுக்கு அரைக்கால். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கூட்டி, அந்த மொத்தத்தைப் பெற்றோரின் ஆயுளால் வகுக்கிறார்கள். கொள்ளுப்பேரனும் இன்றைய அளவிலேயே புகை விடுவான் என்று வைத்துக்கொண்டால்தான் இந்த எண். நாடுகள் வெளியேற்றத்தைக் குறைத்தால் எண்ணும் பல மடங்கு சுருங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. அம்மா பெயரில் ஒரு பங்கு, மகன் பெயரில் முழுப்பங்கு என்றால் ஒரே புகைக்கு எத்தனை பேரைப் பொறுப்பாளியாக்குவது?

காலக்கணக்கும் இடிக்கிறது. உலகம் முழுவதும் ஒரு குழந்தை விதியைத் திணித்தால்கூட இந்த நூற்றாண்டின் முடிவில் மக்கள்தொகை இன்றைய அளவை ஒட்டித்தான் இருக்கும் என்று 2014-ல் பிராட்ஷா, புரூக் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஏற்கெனவே பிறந்து வளர்ந்துவிட்ட இளையவர்கள் அத்தனை பேர். வெளியேற்றத்தைக் குறைக்க நமக்கிருப்பதோ இருபது, முப்பது வருடங்கள். அனல்மின் நிலையத்தின் கணக்கைத் தொட்டிலில் தேடினால் கிடைக்காது.

பிரபாகரன், நீங்கள் பெற்றுக்கொள்ளாமல் இருப்பது உங்கள் உரிமை. அதை நான் மதிக்கிறேன். அந்த எண்ணை நம்பி எடுத்த முடிவு என்றால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

கண்ணன், பெருமாட்டி

தண்ணீர் என்றுதானே கல்யாணி அக்கா தொடங்கினார். அதற்கே வருகிறேன்.

கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வது. தமிழ்நாட்டிலும் 1.8, ஆந்திரத்தில் 1.7. மக்கள்தொகை அப்படியே நிற்பதற்கு 2.1 வேண்டும். கேரளம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதே காலத்தில் நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தின் நிலத்தடி நீர் என்ன ஆயிற்று? மிகையாக உறிஞ்சப்பட்ட வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்தியது. பிள்ளைகளும் குறைந்தார்கள், நீர்மட்டமும் இறங்கியது. பிள்ளைதான் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. 2000-ல் குளிர்பான ஆலை வந்தது. 2002-ல் போராட்டம் தொடங்கியது, 2004-ல் ஆலை நின்றது. மறுவருடம் உயர்நீதிமன்றம் அந்த ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. 5 லட்சம்! ஆளுக்கு ஐம்பது லிட்டர் என்றால் பத்தாயிரம் பேருக்கு ஆகும். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மா ஒரு பழங்குடிப் பெண். அவர் பந்தலில் உட்கார்ந்து கேட்டது குழாயின் கணக்கை. எத்தனை பிள்ளை பெற்றாய் என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை.

ஆழியாற்றிலிருந்து தமிழ்நாட்டோடு செய்த ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் மணக்கடவில் அது எவ்வளவு வருகிறது என்று இரண்டு மாநிலங்களும் மல்லுக்கு நிற்கின்றன. தென்னந்தோப்புகள் கள்ளுக்காக இரவும் பகலும் மோட்டார் ஓட்டுகின்றன. வாசகசாலைத் தம்பிகள் பலகை வைப்பதென்றால் இந்தக் கணக்குக்கு வைக்கட்டும்.

பிரபாகரன், கோவை

கண்ணன் அண்ணா, பயன்பாட்டைக் குறைப்பதும் பிள்ளைகளைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரியல்லவே. 7.25 டி.எம்.சி. முழுதாக வந்தாலும் பங்கு போட ஆட்கள் குறைவாக இருந்தால் எல்லோருக்கும் நல்லதுதான். மனிதர்களுக்கு மட்டுமா, யானைக்கும்தான். இந்த ஒன்றை நீங்கள் யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கண்ணன், பெருமாட்டி

ஆட்கள் குறைந்தால் பயன்பாடு தானாகக் குறையும் என்று நினைக்கிறீர்கள். நம் ஊரில் வீடுகளைப் பாருங்கள் தம்பி. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு வீடு ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தது. பிள்ளைகள் குறைந்தபின் வீடுகள் பெரிதாயின. நான்கு படுக்கையறை வீட்டில் இருவர். அந்தக் கல்லெல்லாம் எந்த மலையை உடைத்து வந்தது? யானைக்குக் குறுக்கே நிற்பது தொட்டிலா, கல்குவாரியா?

முருகேசன், நகரி

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். பலகைக்கும் சட்டத்துக்கும் தூரம் அதிகமில்லை, அதனால் இதைச் சொல்கிறேன்.

1994-ல் எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ளவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது. அரியானாவின் இதே போன்ற சட்டத்தை 2003-ல் உச்சநீதிமன்றமும் செல்லும் என்றது. எங்கள் தெருவில் ஓர் அக்கா வார்டு உறுப்பினராக ஆசைப்பட்டார். கெட்டிக்காரர், தெருக்குழாய்க்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். மூன்றாவதாகப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரைத் தங்கையின் ரேஷன் அட்டையில் சேர்த்தார்கள். வெளியாட்கள் இருக்கும்போது தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடப் பழக்கினார். ஐந்து வயதுப் பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டே, யார் வருகிறார்கள் என்று பார்த்து அம்மா, பெரியம்மா என்று மாற்றிக் கூப்பிடும். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

2024-ல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். இப்போது முதியவர்கள் பெருகிவிட்டார்கள், பிள்ளைகள் வேண்டும் என்கிறார்கள். முன்பு நாட்டுக்காகக் குறைக்கச் சொன்னவர்கள், இப்போது நாடாளுமன்றத்தில் நம் தொகுதி எண்ணிக்கை குறைந்துவிடும் என்று பிள்ளைகளைக் கூட்டச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவள் சான்றிதழ்களில் இன்றும் அம்மா பெயர் சித்தியுடையதுதான்.

தேவிகா, கொல்லங்கோடு

நான் ஒரே பெண். அப்பாவுக்குப் பக்கவாதம், அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு நாள் இரவு இருவரையும் வெவ்வேறு வார்டில் சேர்த்துவிட்டு இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கினேன். யாரையும் குறை சொல்லவில்லை. இதையும் கணக்கில் சேருங்கள்.

லில்லி சிஸ்டர், வடகரப்பதி

இருபத்திரண்டு வருடங்களாகச் சுகாதாரத் துறையில் வீடு வீடாக நடப்பவள். நீங்கள் எல்லோரும் பூமி, மாநிலம், தொகுதி என்று பேசிவிட்டீர்கள். அறுவைச் சிகிச்சை யார் வயிற்றில் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆந்திரத்தில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு எழுபது பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் 58, கேரளத்தில் 47 என்ற அளவு. ஆண்கள்? நாடு முழுவதும் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று. எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60,000 ஆண்கள் என்று ஐயா எழுதினார். நெருக்கடி நிலைக்குப் பிறகு ஆண்களைத் தொட அரசுகள் பயந்தன. அதோடு அந்தப் பாரம் முழுக்கப் பெண்கள்மேல் இறங்கியது.

ஒரு வீட்டில் இருபத்தைந்து வயதுப் பெண். இரண்டு சிசேரியன், அதோடு சேர்த்துக் கருத்தடையும் ஆயிற்று. குனிந்து கோலம் போட முடியவில்லை என்றாள். கணவர் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். ஆணுக்குச் செய்வது எளிது என்று நான் சொன்னதும், பாரம் தூக்குகிற உடம்பு சிஸ்டர் என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது அவள் இரண்டு குடம் தண்ணீரோடு படியேறி வந்தாள்.

பெரியார் கருத்தடையை ஆதரித்தபோது ஒரு வேறுபாட்டைச் சொன்னார். மற்றவர்கள் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் அதைக் கேட்கிறார்கள், அவரோ பெண் விடுதலை அடைய வேண்டும் என்பதற்காகக் கேட்டார். நூறு வருடம் ஆகப்போகிறது. இப்போது வறுமை என்ற இடத்தில் பூமி என்று எழுதியிருக்கிறோம்.

கல்யாணி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முடிவு இருவரும் எடுத்தது என்றாய். இந்த இரண்டு வருடமும் யார் உடம்பில் என்ன நடந்தது?

கல்யாணி, கொழிஞ்சாம்பாறை

சிஸ்டர், காப்பர் டி. மாதம் எட்டு நாள் இரத்தப்போக்கு. வயிற்று வலியோடுதான் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பேன். இதை இங்கே எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

நேற்று மாலை வாசகசாலைக்குப் போய்க் கையெழுத்திட முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். செல்வி அக்காவின் கடைசி மகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு தம்பி, நல்ல பையன், அவர்கள் மூணாறில்தானே இருக்கிறார்கள் என்றான். நம் ஊரில் நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகள் எவை என்று அவனையே எண்ணச் சொன்னேன். மூன்று வீடு சொன்னான். மூன்றும் காலனியில். மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. பலகை வைப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுக்கப்போகிறார்கள். தங்கவேலு ஐயா வர முடிந்தால் நல்லது.

என் காரணம் மாறவில்லை. இந்த மண்ணில் தண்ணீர் இல்லை என்பதால்தான் ஒன்றோடு நிறுத்தினேன், கேட்பவர்களுக்கு இனியும் அதைத்தான் சொல்வேன். அனிதா டீச்சரின் கணக்கும் கண்ணன் அண்ணாவின் கணக்கும் சரியென்றே படுகிறது. நான் நிறுத்தியதால் நீர்மட்டம் ஓர் அங்குலம் ஏறாது. தேவிகா எழுதியதை வாசித்துவிட்டு நேற்று இரவு மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிரபாகரன், கோவை

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் அக்கா. பலகை வேண்டாம் என்றுதான் இப்போது எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பேச்சையே நிறுத்திவிடக் கூடாது என்று சொல்ல வருகிறேன்.

தங்கவேலு, சித்தூர் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

வருகிறேன் அம்மா. காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

கல்யாணி, கொழிஞ்சாம்பாறை

லில்லி சிஸ்டர், இன்னொன்று. உங்கள் பதிவைக் கணவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு முறை வாசித்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, அதற்கு எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்று கேட்டார். அவர் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறார்.

லில்லி சிஸ்டர், வடகரப்பதி

ஆண்களுக்கான கருத்தடையில் தழும்பு தெரியாத முறை இருக்கிறது, கத்தி வைப்பதில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்க வேண்டாம். முக்கியமானது: உடனே பலன் இல்லை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, சரி என்று சொன்ன பிறகுதான் உன் காப்பர் டி-யை எடுக்க வேண்டும். அதுவரை அவசரப்படாதே. புதன்கிழமை நான் துணை மையத்தில் இருப்பேன். இருவரும் சேர்ந்து வாருங்கள், அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.